அனோஜாவின் எலும்புக்குக் குடிவந்தவர்கள்

கொட்டகலைக்கு மேலே இருக்கிற தோட்டமொன்றில், தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையில் அனோஜாவுக்கு வேலை. அந்த இடத்தைத் தோட்டத்தார் தவறணை என்பார்கள். தவறணையில் வேலை செய்ய நல்ல முதுகும் நல்ல பொறுமையும் வேண்டும். முதுகு அனோஜாவிடம் இருந்தது. பொறுமையைப் பற்றி அவளுடைய கங்காணியிடம் கேட்டால் மனிதர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டுமாக வெட்டி எடுத்து, மண் நிரப்பிய பையில் நட்டு, பாத்தி முழுவதையும் பாலித்தீனால் கூடாரம் போட்டு மூடிவிட வேண்டும். மூடினால் மூடியதுதான். வேர் பிடிக்கும் வரை யாரும் அதற்குள் கை நுழைக்கக் கூடாது. அனோஜாவுக்கோ உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. ஓரத்தைத் தூக்கி, ஒரு கன்றை மெல்லப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல மறுபடி சொருகிவிடுவாள். கன்று கருகிப்போய் அவளைக் காட்டிக்கொடுக்கும். இதனால் அவளுக்குப் 'பிடுங்கி' என்று பட்டப்பெயரே விழுந்திருந்தது.

பெயர் வைத்தவள் அழகம்மா. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா, தவறணையில் அடுத்த பாத்தி. அனோஜாவைவிடப் பத்து வயது மூத்தவள். விறகு அடுக்குகிற இடத்துக்காகக் காலையில் இருவரும் சண்டை போடுவார்கள், பகல் சாப்பாட்டுக்குக் கறியை மாற்றிக்கொள்வார்கள். அனோஜாவின் கணவன் மேர்வின் கொட்டகலைக் கடைத்தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன். பேச்சுக்கும் வாடகை கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்தது போல அளந்துதான் பேசுவான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அனோஜா சந்தோஷமாகவே இருந்தாள். அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளுடைய கதையைக் கேட்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவளுடைய முப்பத்தைந்தாவது வயதில், மழைக்காலத்தில், கணுக்காலில் ஓர் அட்டை கடித்தது. தோட்டத்தில் அட்டை கடித்ததை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அன்று காலையில் கடித்த கடி பொழுது சாய்ந்த பிறகும் கசிந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்பு வைத்தாள், துணியால் இறுக்கினாள், நிற்கவில்லை. அதற்குப் பிறகு கை எங்கே இடிபட்டாலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. மேட்டில் நாலடி வைத்தால் மூச்சு வாங்கியது.

"வேளைக்குச் சாப்புடாம திரிஞ்சா அப்புடித்தான்" என்று அழகம்மா திட்டினாள். பாத்திக்கு நடுவில் அனோஜா மயங்கி விழுந்த அன்றைக்கு, திட்டிய அதே அழகம்மாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் இறங்கினாள்.

நுவரெலியாவில் ரத்தம் எடுத்துப் பார்த்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் பார்த்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கிக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்தார்கள். அதன் முடிவைச் சொல்ல ஒரு டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசிய தமிழில் பாதியை அனோஜா முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

"உங்கட எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கு அனோஜா. அதுக்குள்ள தாய்க்கலம், ஸ்டெம் செல் எண்டு சொல்லுறது, கொஞ்சம் இருக்கும். ரத்தத்தில ஓடுற சிவப்பு, வெள்ளை, ரத்தத்தை உறைய வைக்கிறது, எல்லாம் அதுகள் பெத்த பிள்ளையள்தான். ஆனா தாய்க்கலம் தன்ர பாட்டில ஒண்டும் செய்யாது. சுத்தி இருக்கிற இடம்தான் அதைப் பாத்துக்கொள்ளுறது. பக்கத்தில இருக்கிற எலும்புக்கலம், சின்னச் சின்ன ரத்தக்குழாய், எல்லாம் அதோட கதைச்சுக்கொண்டே இருக்கும். இப்ப நித்திரை கொள்ளு, இப்ப எழும்பு, ரத்தம் குறைஞ்சு போச்சு, பிள்ளை பெறு எண்டு. முக்கால்வாசி நித்திரையிலதான் கிடக்கும். எல்லாம் ஒரேயடியா எழும்பி வேலை செய்தா களைச்சு முடிஞ்சு போயிடும்."

"தூங்குறத மேற்பார்வை பாக்கவும் அங்க ஒரு கங்காணி இருக்காருங்களா?" என்று அனோஜா கேட்டாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெதுவாக, மிச்சத்தையும் சொன்னார். நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவல்காரர்களே, ஆள் தெரியாமல், அவளுடைய தாய்க்கலங்களை அடித்துத் தீர்த்துவிட்டார்கள். மஜ்ஜை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத்தான் நிறைந்து கிடக்கிறது. எலும்புக்குள் வீடு இருக்கிறது, குடியிருக்க ஆள் இல்லை.

அனோஜாவுக்குத் தெரிந்த தொழில் வழியாக ஒரு கேள்வி வந்தது. "கன்னுதான் செத்துருச்சுங்களா, இல்ல மண்ணும் சேத்துக் கெட்டுப் போச்சுங்களா?"

"மண் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "அது பழுதாகி இருந்தா நான் இப்பிடி இருந்து சிரிக்க மாட்டன். பொருந்துற ஆள் ஒருத்தரிட்ட இருந்து தாய்க்கலம் எடுத்து வைச்சா பிடிக்கும். கூடப் பிறந்த ஆக்கள் இருக்கினமோ?"

இருந்தார். அண்ணன் இக்னேசியஸ். பதினாறு வயதில் தோட்டத்தைவிட்டுப் போய், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். ஓரிடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் தங்கியது கிடையாது. வாடகை அறையை மாற்றுவதைச் சட்டை மாற்றுவது போலச் செய்வார். அப்படிப்பட்டவருடைய தாய்க்கலம்தான் அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. அவருக்குச் சில நாள் தொடர்ந்து ஊசி போட்டார்கள். தாய்க்கலங்கள் தங்கள் இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்குமாம். இந்த ஊசி அந்தப் பிடியைத் தளர்த்தும், அவை எலும்பைவிட்டு வெளியே வந்து ரத்தத்தில் ஓடும், மெஷினில் அரித்து எடுத்துக்கொள்ளலாம்.

"கல்லுக்கு முன்னால நாள் முழுக்க நின்னு கொத்து போட்டாக்கூட எலும்பு இப்புடி வலிச்சதில்ல" என்று இக்னேசியஸ் போனில் புலம்பினார்.

"குடியிருக்குறவங்கள எழுப்பி விட்டா சும்மாவா போவாங்க அண்ணே? கதவ ஒதைச்சிட்டுத்தான் போவாங்க" என்றாள் தங்கை.

அவளுக்கு அப்போது தலையில் முடி இல்லை. உடம்பின் பழைய காவல்காரர்களை அடக்கக் கடுமையான மருந்து கொடுத்துத் தனி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணனிடமிருந்து எடுத்தது ஒரு சிறு பையில் வந்தது. தக்காளி ரசம் மாதிரி இருந்தது. சேலைன் ஏற்றுவது போலச் சாதாரணமாகக் குழாயில் விட்டார்கள். அனோஜாவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. எலும்பைத் துளைத்து ஊற்றுவார்கள் என்று எண்ணி அவள் பயந்துகொண்டு கிடந்தது வீணாகிவிட்டது.

"ரத்தத்துல விட்டா அது எலும்புக்கு எப்புடிங்க போகும்? வழி மாறி வேற எங்கயாச்சும் போயிராதுங்களா?"

"எலும்புக்க இருக்கிற இடம் கூப்பிடும் அனோஜா. அந்தக் கூப்பாட்டுக்கு அதுகள் போய்ச் சேரும். நாங்கள் செய்ய ஒண்டுமில்லை. பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்."

பார்த்துக்கொண்டு இருப்பது! அனோஜாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் கொடுத்திருக்க முடியாது. தினமும் காலையில் ரத்தம் எடுக்க வரும் தாதியிடம், கதவு திறக்கும் முன்னே, பிடித்துவிட்டதா என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்பாள். "தவம நே, நங்கி" என்பாள் அந்தப் பெண். இன்னும் இல்லை, தங்கச்சி. தூக்கிப் பார்க்கப் பாலித்தீன் ஓரமும் இல்லை, பிடுங்கிப் பார்க்கக் கன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேர்வின் நின்று கையை ஆட்டுவான். அவனுடைய கண் வீங்கியிருப்பதைப் பார்க்காதது போல இவளும் ஆட்டுவாள். செத்துப்போய்விடுவோமோ என்று அந்த நாட்களில் அவள் உண்மையாகவே பயந்தாள். ஒரு காலை அந்தத் தாதி, இவள் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ரத்தத்தில் புது வெள்ளைக் கலங்கள் தலைகாட்டியிருந்தன. ஓரிடத்தில் கால் தரிக்காத இக்னேசியஸின் உடம்பிலிருந்து கிளம்பியவை தங்கையின் எலும்புக்குப் போய்க் குடியேறிவிட்டன.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சில காலம் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு விட்டார்கள். விடும்போது டாக்டரம்மா மேர்வினை உட்கார வைத்து விளக்கினார். தாய்க்கலங்கள் இடம் பிடித்துவிட்டன, ஆனால் அவை பெற்ற காவல்காரர்கள் இன்னும் பச்சைப்பிள்ளைகள். மண், சாணி, பூ, பூஞ்சணம், ஆள் கூட்டம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. நல்ல உடம்புக்குத் தூசியாகத் தெரிகிற கிருமி இவளைக் கொன்றுவிடும். மேர்வின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தோட்டத்துக்குப் போன் எடுத்து அழகம்மாவிடம் அவன் சொன்னது ஒரே வாக்கியம்.

"அக்கா, வீடு ரொம்பச் சுத்தமா இருக்கணுமாம்."

அவன் பேச்சில் காட்டிய சிக்கனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், மறுநாள் லயமே வேலையில் இறங்கிவிட்டது. சுத்தம் என்றால் அழகம்மாவுக்கு ஒன்றுதான் தெரியும். விடியற்காலையில் கொட்டிலுக்குப் போய்ப் புதுச் சாணியாக அள்ளி வந்து, மஞ்சள் கரைத்துச் சேர்த்து, சிமெந்து வாசலையும் இஸ்தோப்புத் திண்ணையையும் முழங்காலில் உட்கார்ந்து மெழுகினாள். மற்றப் பெண்கள் கதவுக்குச் செவ்வந்தித் தோரணம் கட்டினார்கள். மாதா படத்துக்கு மாலை போட்டார்கள். தவறணையிலிருந்து நல்ல கறுப்பு மண்ணாகக் கொண்டுவந்து, ரோஜாத் தொட்டிகளை வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கூடாது என்று விரல் மடக்கிச் சொன்ன அத்தனையும் ஒன்று விடாமல் வந்து சேர்ந்திருந்தது.

வேன் வந்து நின்றபோது முழு லயமும் வாசலில் நின்றது. அனோஜா முகமூடிக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்தாள். எத்தனை மாதமாகக் கனவு கண்ட வாசல். ஈரச் சாணி பளபளத்தது, ஆரத்தித் தட்டோடு அழகம்மா முன்னால் வந்தாள். அனோஜா வேனைவிட்டு இறங்காமல், கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதக்கா. நான் உள்ள வர முடியாது. சாணி, பூவு, மண்ணு ஒண்ணும் எனக்கு ஆகாதுனு சொல்லிட்டாங்க."

தட்டோடு அழகம்மா அப்படியே நின்றாள். அவளுடைய முழங்காலில் சாணி இன்னும் காயவில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் சேலையை இழுத்துக்கொள்கிறவர்களை அவளுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் என்றால் அழுக்கு என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவள். அதை ஒருநாள் அடுத்த காம்பராக்காரி வாயால் கேட்பாள் என்று நினைத்திருக்கவில்லை.

"சரிதான்" என்றாள். "கொழும்புத் தண்ணி குடிச்சிட்டு வந்தா எங்க கையி அழுக்காத்தான் தெரியும்."

இறங்கி நாலடி வைத்தால் போதும், அழகம்மாவின் முகம் சரியாகிவிடும். உயிர் போனாலும் போகட்டும், இவளை நோகடித்துவிட்டு இருந்து என்ன ஆகப்போகிறது என்றுகூட அனோஜாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அவளுடைய கால் வேன் படியில் இறங்கியே விட்டது. மேர்வின் அவள் தோளைப் பிடித்தான். பிடித்ததோடு சரி, வாய் திறக்கவில்லை. பேச வேண்டியது தான்தான் என்று அனோஜாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். புதுசா நட்ட பாத்திய மூடுன பொறகு, தொரையே வந்து தொறந்து காட்டச் சொன்னா காட்டுவியா?"

"எந்தத் தொரையா இருந்தா என்னா, காட்ட மாட்டேன்" என்றாள் அழகம்மா, முகத்தைத் திருப்பியபடி.

"ஏன், தொரை அழுக்கா?"

"அவரு அழுக்குனு யாரு சொன்னா? கன்னு பச்சையா இருக்கும்ல. தாங்காது."

"நான்தான்க்கா அந்தக் கன்னு. எங்கண்ணன்கிட்ட இருந்து எடுத்து என் எலும்புக்குள்ள வச்சிருக்காங்க. இப்பத்தான் வேர் விட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்கு மூடியே வச்சிருக்கணும். உன் கையில ஒரு கொறையும் இல்லக்கா. எனக்குத்தான் தாங்காது."

அழகம்மா திரும்பினாள். முடியில்லாத தலையை, முகமூடியை, வேன் படியில் பாதி இறங்கி நிற்கும் காலை, எல்லாவற்றையும் இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். "பிடுங்கி வாயில இருந்து இப்புடி ஒரு பேச்சா" என்று முணுமுணுத்தாள். பிறகு லயத்தைப் பார்த்து அதட்டினாள். "என்னா வேடிக்க? எல்லாரும் தள்ளிப் போங்க. பாத்தி மூடியிருக்குனு சொல்றால்ல." அன்றைக்கு வந்த கூட்டம் முழுவதும் தவறணையிலும் மலையிலும் வேலை செய்த கூட்டம். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மேர்வின் வேனைக் கடைத்தெருவுக்குத் திருப்பச் சொன்னான். அவன் ஆட்டோ நிறுத்துகிற இடத்துக்கு முன்னால் ஸஃப்வானின் துணிக்கடை. அதற்கு மேலே புதிதாகக் கட்டி, டைல்ஸ் போட்டு, இன்னும் யாரும் குடிவராத அறை ஒன்று இருந்தது. ஸஃப்வானின் மனைவி நதா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு என்னத்துக்குக் கேக்குறீங்க? சும்மாதானே கெடக்கு. மண்ணும் இல்ல, பூவும் இல்ல, ஒரு ஈயக்கூட நான் விட மாட்டேன்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள். சொன்னபடியே செய்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சோறு கறியைச் சுடச்சுட மூடியோடு மேலே அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து தோட்டத்துச் சனம் கடைத்தெருவுக்கு வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டு மாடி ஜன்னலைப் பார்த்து அவரவர் செய்தியைக் கத்துவார்கள். அழகம்மாவின் குரல் ஹட்டன் பஸ்ஸின் ஹோர்னையும் மிஞ்சும். எந்தப் பாத்தி பிடித்தது, எது கருகியது, யார் வீட்டுப் பசு கன்று போட்டது எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிடும். அனோஜா ஜன்னலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பொறுமை அவளுக்கு அந்த ஜன்னலில்தான் வந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய். "நான் எப்ப வீட்டுக்குப் போறது?" என்று நதாவை அவள் அரித்தெடுத்தாள்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நல்ல செய்திதான் கிடைத்தது. ஒருமுறை டாக்டரம்மா அவளுடைய ரத்த வகையே மாறிவிட்டது என்றார். பி ஆக இருந்தவள் அண்ணனைப் போல ஓ ஆகிவிட்டாள். கூட வந்திருந்த இக்னேசியஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப இவ உடம்புல ஓடுறது பூரா என் சரக்குத்தானே டாக்டர்?"

"வந்தது உங்களிட்ட இருந்துதான். ஆனா எப்ப எழும்பிறது, எவ்வளவு செய்யிறது எண்டு இப்ப அதுகளுக்குச் சொல்லுறது தங்கச்சியின்ர எலும்பு. நீங்கள் கூப்பிட்டாக் கேளாதுகள்."

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் அனோஜா. "வந்த எடத்துல ஒழுங்காக் குடித்தனம் பண்ணுதுங்க. ஒங்ககிட்ட இருந்தப்ப அதுங்களும் அலைஞ்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கும்." இக்னேசியஸ் சிரித்தார். பிறகு யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தை பிறந்து, மலையில் வெயில் விழுந்த பிறகு, வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு கிடைத்தது. இந்த முறை மேர்வின் போனில் பேசவில்லை. நேரே அழகம்மாவிடம் போய், ஆட்டோவில் உட்கார்ந்து, எது கூடும் எது கூடாது என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி லயத்தில் யாரும் கேட்டதில்லை.

அன்று வேன் வந்து நின்றபோது வாசலில் ஒருவரும் இல்லை. தோரணம் இல்லை, தட்டு இல்லை. கழுவி விட்ட சிமெந்து வாசல் வெயிலில் காய்ந்து கிடந்தது. அனோஜா இறங்கி நடந்தாள். லயம் முழுவதும் அவரவர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. யாரும் ஓடி வரவில்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. செய்தி சொல்லாமல் இருக்கத் தெரியாத சனம் அன்றைக்கு வாயைக்கூட மூடிக்கொண்டு நின்றது. அவளை இத்தனை பேர் சேர்ந்து இப்படிப் பத்திரமாகத் தாங்கியது இதற்கு முன் நடந்ததில்லை. அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. முகமூடி நனைய அழுதுகொண்டே தன் கதவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அழகம்மா மட்டும் குழாயடியில் நின்றாள். கையை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு மெல்ல வந்து, ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"இப்ப தொடலாமா?" என்று கேட்டாள்.

"தொடலாம்க்கா. கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

அழகம்மா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கை சில்லென்று, ஈரமாக இருந்தது. அழகம்மாவின் தோளுக்கு மேலாக அனோஜா பார்த்தாள். குழாயடியில், ஒரே ஒரு சவர்க்காரக் கட்டிக்கு, லயமே வரிசையில் நின்றது.